பிரிக்காமக் கொண்டாந்த கவர்

மூடி இருக்கிற எதையும் பாத்துக்கிட்டு அத்தையால சும்மா இருக்க முடியாது. எங்க வீட்டுக்குள்ள வந்தா மொதல்ல அடுப்புப் பக்கந்தான் போவாங்க. சட்டி மூடியைத் தூக்கி எட்டிப் பாப்பாங்க. "இன்னைக்கும் பருப்புத்தானா?"ன்னு ஒரு கேள்வி. அப்புறம் மூடியைப் பக்கத்துலயே வச்சிட்டு வந்து உக்காந்துருவாங்க. எங்க அம்மா எந்திரிச்சுப் போயி மூடிட்டு வரும். அம்மா என்னையத் தேயிலைத் தோட்டத்துப் புள்ளைக் காம்பராவுல விட்டுட்டுக் கொழுந்து பறிக்கப் போன காலத்துல இருந்து இது நடந்துக்கிட்டிருந்துச்சு.

டயகம பஸ்ஸுல பக்கத்துல உக்காந்திருக்கிற ஆளு யாருன்னே தெரியாது. மடியில இருக்கிற பையைக் காட்டி, "என்னாங்க அதுல?"ன்னு கேப்பாங்க. ஹட்டன் போய்ச் சேர்றதுக்குள்ள அந்த ஆளு பையைத் தொறந்து காட்டியிருப்பாரு. கலியாண வீட்டுல பரிசுப் பொட்டலத்த எல்லாம் ஒதுக்கி வச்சிருந்தா, இவங்க ஓரமா நின்னு ஒரு மூலைய நகத்தால கிழிச்சுப் பாத்துட்டு, "கண்ணாடிக் கிளாசு, ஆறு"ன்னு பொண்ணோட அம்மா காதுல சொல்லுவாங்க. அவங்க காம்பராவுல ஜன்னல் எப்பவும் தொறந்தே இருக்கும். பனி உள்ள வந்து கட்டில் விரிப்பெல்லாம் ஈரமாயிரும். மூடுங்கன்னா, "மூடினா எனக்கு மூச்சு முட்டுது புள்ள"ம்பாங்க.

நான் அவங்கள அத்தைன்னு கூப்பிடுவேன். சொந்தமெல்லாம் ஒண்ணும் கெடையாது. ஒரே கூரைக்குக் கீழ வரிசையா வீடு இருக்கிற எங்க லயத்துல மொதக் காம்பரா அவங்களோடது, அஞ்சாவது எங்களோடது, அவ்வளவுதான். லயத்து ஆளுக கடுதாசியம்மான்னு சொல்லுவாங்க. சொந்தப் பேரும் ஒண்ணு இருந்துச்சு. அத நான் இங்க எழுதப் போறதில்ல.

கடுதாசியம்மான்னு பேரு வந்ததுக்குக் காரணம் இதுதான். அக்கரப்பத்தனைப் பக்கம் எங்க தோட்டத்துல லயத்துக்குன்னு தனி விலாசம் கெடையாது. எல்லாக் கடிதமும் தோட்டத்து ஆபீசுக்கு வரும். அங்கேர்ந்து மேல வர்ற யாராவது ஒரு ஆளு கையில குடுத்து விடுவாங்க. அந்த ஆளு லயத்து மொனையில இருக்கிற மொதக் காம்பராவுல எல்லாத்தையும் மொத்தமா வச்சிட்டுப் போயிருவாரு. கொழுந்த எடை போட்டுட்டு அஞ்சு மணிக்கு அத்தை வருவாங்க. தலையில கட்டின துணியைக் கூட அவுக்க மாட்டாங்க. வாசல்ல நின்னு ஒவ்வொண்ணாப் பிரிப்பாங்க. யாருக்கு வந்ததுன்னு அப்புறந்தான் பாப்பாங்க.

யாரும் ஏன் பிரிச்சன்னு கேக்கல. கேக்கத் தோணல. அரசாங்கத்துக் கடிதம் சிங்களத்துல வரும், ஆஸ்பத்திரி, பேங்குக் கடிதம் இங்கிலீசுல வரும். அத்தை சின்னப் புள்ளையில கொழும்புல ஒரு வீட்டு வேலைக்குப் போயிருந்தாங்க. அந்த வீட்டுப் புள்ளைக பாடம் படிக்கையில இவங்க துணி மடிச்சுக்கிட்டே காதால கேட்டுக் கண்ணால பாத்துக் கத்துக்கிட்டாங்களாம். பள்ளிக்கூடம் அஞ்சாம் வகுப்பு. ஆனா ரெண்டு பாசையும் எழுத்துக் கூட்டி வாசிச்சு அர்த்தம் சொல்லிருவாங்க. லயத்துல அப்ப அந்தக் காரியம் வேற யாருக்கும் ஆகாது.

ஒரு தடவ எட்டாவது காம்பரா அண்ணனுக்கு ஐடென்டிட்டி கார்டு சம்பந்தமா ஒரு கடிதம். நாளைக்குக் காலையில வரணும், வரலைன்னா மறுபடி மொதல்ல இருந்துன்னு இருந்துச்சு. அந்த அண்ணன் ஏதோ எலக்சன் நோட்டீசுன்னு நெனச்சு வச்சிருப்பாரு. அத்தை பிரிச்சதால தப்பிச்சாரு. இன்னொரு தடவ, கடைசிக் காம்பரா அக்காவுக்கு ஒரு பையன் எழுதின கடிதத்தையும் பிரிச்சிட்டாங்க. ரெண்டு பக்கமும் முழுசா வாசிச்சிட்டு, சோத்துப் பருக்கையால திருப்பி ஒட்டி, அந்த அக்காகிட்ட குடுத்து, "எழுத்து நல்லாத்தான் இருக்கு. வேலை என்னான்னு ஒரு வரி கூட இல்லையே புள்ள, கேட்டு எழுது"ன்னாங்க. அந்த அக்கா ரெண்டு நாள் வெளிய தலைகாட்டல. மூணாவது நாள் கேட்டு எழுதுச்சு. பதில் வரவே இல்ல.

இதெல்லாம் சொல்லிச் சிரிக்கிற கதையாத்தான் எங்களுக்குள்ள இருந்துச்சு. நானும் சிரிச்சவதான்.

என் கதைக்கு வர்றேன். ஏ.எல். பரீட்சை எழுதினேன், கெம்பஸுக்கு மார்க்குப் பத்தல. தோட்டத்து முன்பள்ளியில டீச்சரா நின்னேன். அங்க நிக்கணும்னா ஒரு டிப்ளோமா வேணும்னாங்க. கண்டியில ஒரு நிறுவனத்துல சனிக்கிழமை வகுப்புக்குப் போனேன். எங்க வகுப்புல டயகமப் பக்கத்துப் புள்ள ஒண்ணு, அதே பேரு, அதே முதலெழுத்து. டீச்சர் எங்க ரெண்டு பேரையும் நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. அந்தப் புள்ள எல்லாத்துலயும் பாஸ். நான் ரெண்டு பாடத்துல பெயில். கோர்ஸ அத்தோட விட்டுட்டேன். வீட்டுல பாஸ்னு சொல்லிட்டேன். அப்பா தவறிப் போயி ஒரு வருசம் கூட ஆகல. அம்மா மொகத்தப் பாத்துப் பெயில்னு சொல்ல எனக்கு வாய் வரல. சேர்டிபிகேட் எங்கன்னு கேட்டப்ப, அவங்க அனுப்புவாங்கன்னேன். அம்மா நம்பிருச்சு.

அதுக்குப் பிறகுதான் அந்தக் கல்லூரி விசயம். கொழும்புல ஒரு கல்லூரி, பட்டப்படிப்பு, மலையகத்துப் புள்ளைகளுக்குன்னு கொஞ்சம் இலவச இடம். தங்குறது, சாப்பாடு எல்லாம் அவங்களே. ஹட்டன்ல ஒரு கடையில கம்ப்யூட்டர்ல விண்ணப்பம் போட்டேன். நேர்முகத்துக்குக் கூப்பிட்டாங்க, போனேன். அங்க பேசினது நல்லாத்தான் வந்துச்சு. அப்புறம் ஒரு நீளமான தாள் அனுப்பினாங்க. அதுல ஒரு பகுதி முழுக்க இதுதான்: பள்ளிக்கூடம் தவிர வேற எங்கயாவது ஏதாவது கோர்ஸ் படிச்சிருந்தா, முடிச்சாலும் சரி, பாதியில விட்டாலும் சரி, ஒவ்வொண்ணுக்கும் டிரான்ஸ்கிரிப்ட் வரணும். என்ன பாடம் படிச்சோம், என்ன மார்க்குன்னு அந்த நிறுவனமே எழுதிக் குடுக்கிற தாள் அது. அந்த நிறுவனமே கவருல போட்டு ஒட்டி, ஒட்டின எடத்துல முத்திரை குத்தியிருக்கணும். விண்ணப்பதாரர் பிரிக்கக் கூடாது. பிரிச்ச கவர் செல்லாது.

ஹட்டன்ல படிச்ச இங்கிலீசு கோர்ஸுக்குப் பிரச்சினையில்ல, நேர்ல போயி ஒட்டின கவர வாங்கியாச்சு. கண்டியிலதான் சிக்கல். அந்தக் கோர்ஸ எழுதாம விட்டுரலாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். யாருக்குத் தெரியப் போகுது? ஆனா கீழ, எல்லாத்தையும் சொல்லிட்டேன்னு கையெழுத்துப் போடச் சொல்லியிருந்துச்சு. பேனாவ வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். கடைசியில எழுதிட்டேன். நேர்மை, அது இதுன்னு ஒண்ணும் இல்ல. மாட்டிக்குவோமோன்னு பயம்.

என் நம்பரப் போட்டுக் கண்டிக்கு எழுதினேன். கவர் வரணும், வந்தா வெள்ளிக்கிழமைக்குள்ள கொழும்புல இருக்கணும். கல்லூரிக்கே நேரா அனுப்பச் சொல்லியிருக்கலாம். எல்லாக் கவரையும் ஒண்ணா அனுப்பணும்னு தாள்ல இருந்துச்சு, அதனால தோட்டத்து விலாசத்தக் குடுத்தேன். குடுக்கும்போது மொதக் காம்பரா என் ஞாபகத்துக்கே வரல. பொறந்ததுல இருந்து பாத்த ஒண்ணு எப்படி ஞாபகத்துக்கு வரும்?

திங்கக்கிழமை சாயந்திரம். நான் முன்பள்ளியில இருந்து வந்து மொகம் கழுவிக்கிட்டிருந்தேன். அத்தை எங்க வீட்டு வாசல்ல வந்து நிக்கிறாங்க. தலையில துணி, கையில பிரிச்ச கவர், இன்னொரு கையில தாள்.

"ஏ புள்ள, கண்டியில இருந்து உனக்குத் தாள் வந்திருக்கு. இங்க பாரு, எட்டுப் பாடம் போட்டிருக்கான். ஆறு பாஸ். ரெண்டு பெயில்னு இருக்கே. நீ பாஸ்னுதானே சொன்ன? இவனுகதான் தப்பா அடிச்சிருக்கானுக போல. போயிக் கேட்டுத் திருத்திருவமா?"

அம்மா உள்ள மாவு பெசைஞ்சுக்கிட்டிருந்துச்சு. கை நின்னுருச்சு. என்னையப் பாக்கல, மாவத்தான் பாத்துச்சு.

எனக்கு மொதல்ல தெரிஞ்சது கவரோட வாய்தான். ஒட்டின எடம் பிசிறு பிசிறாக் கிழிஞ்சு, வட்ட முத்திரை ரெண்டு துண்டாகி, ஒரு பாதி மேல, ஒரு பாதி கீழ.

"யாரு ஒங்களப் பிரிக்கச் சொன்னது?"ன்னு கத்தினேன். அவங்களப் பாத்து நான் கத்தினது அதுதான் மொதத் தடவ. "இதப் பிரிக்கக் கூடாது. பிரிச்சாச் செல்லாது. வெள்ளிக்கிழமை கடைசி. எல்லாம் போச்சு. ஊர்ல இருக்கிற கடுதாசி எல்லாம் ஒங்களுக்கா எழுதுறாங்க?"

அத்தை தாளையும் கவரையும் மாறி மாறிப் பாத்தாங்க. "சோத்துப் பருக்கை வச்சு ஒட்டிர்றேன் புள்ள. தெரியாத மாதிரி ஒட்டிர்றேன்"ன்னாங்க.

நான் தாளப் புடுங்கினேன். தாளோட தலையில என் நம்பர் பெருசா இருந்துச்சு. உள்ள போயிக் கதவச் சாத்தித் தாப்பாப் போட்டேன். தாளைத் தலகாணிக்கு அடியில வச்சு அது மேல படுத்துக்கிட்டேன். வெளியில அத்தை, "கண்டியில எங்கன இருக்கு அந்த ஆபீசு? பேரு என்னா?"ன்னு கேட்டுக்கிட்டிருந்தாங்க. கவர்லயே இருக்குன்னு அம்மா சொல்லுச்சு. அவங்க கதவுக்கிட்ட வந்து, "புள்ள, வேற ஏதும் விவரம் வேணுமா அங்க?"ன்னு கேட்டாங்க. நான் வாயத் தொறக்கல. ரெண்டு தடவ கேட்டாங்க. கதவத் தட்டக் கூட இல்ல. போயிட்டாங்க.

அன்னைக்கு அம்மா ரொட்டி சுட்டு வச்சிட்டுப் படுத்துருச்சு. அது திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும்.

மறுநாள் அத்தை வேலைக்குப் போகல. ஒரு நாள் வேலையையும் விடாத ஆளு. மொத பஸ்ஸுல ஹட்டன், அங்கேர்ந்து கண்டி. சாயந்திரம் மழை. ஏழு மணி போல எங்க வாசல்ல வந்து நின்னாங்க. சேலை முழங்கால் வரைக்கும் நனைஞ்சு சேறு. நெஞ்சோட சேத்து ஒரு ஷொப்பிங் பேக். அதுக்குள்ள இன்னொரு ஷொப்பிங் பேக். அதுக்குள்ள ஒரு பழைய துவாய். துவாய்க்குள்ள கவர்.

"பதினாலு நாள் ஆகும்னுதான் சொன்னாங்க"ன்னாங்க. "நான் போக மாட்டேன்னு பெஞ்சுல உக்காந்துட்டேன். என் மகதான், தோட்டத்துப் புள்ள, வாழ்க்கை போயிரும் மிஸ்ன்னு சிங்களத்துல சொல்லிச் சொல்லிப் பாத்தேன். சாப்பாட்டு நேரம் முடிஞ்சு ஒரு மிஸ்ஸு எரக்கப்பட்டு எழுதிக் குடுத்துச்சு. நம்பர் கேட்டுச்சு. எனக்கு நம்பர் தெரியாது. பேரு சொன்னேன், டயகம பஸ் போற பக்கம்னு ஊரு சொன்னேன். தேடி எடுத்துருச்சு."

கவர ரெண்டு கையாலயும் நீட்டினாங்க. ஒட்டின எடத்துல முத்திரை முழு வட்டமா இருந்துச்சு.

"பிரிக்கல புள்ள"ன்னாங்க. "ஆறு மணிநேரம் மடியில வச்சுக்கிட்டு வந்தேன். பிரிக்கல. நீ வேணும்னாப் பாரு."

  நான் கவர வாங்கிக்கிட்டேன். தேங்ஸ்னு கூடச் சொல்லல. கோவம் அப்பவும் போகல எனக்கு. அம்மாதான், "உள்ள வாங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க"ன்னு கூப்பிட்டுச்சு. வந்தாங்க. அடுப்புல சட்டி மூடி இருந்துச்சு. அவங்க அந்தப் பக்கமே போகல. தேத்தண்ணியக் குடிச்சிட்டுப் போயிட்டாங்க.

புதன்கிழமை ஹட்டன் போயி ரெண்டு கவரையும் ஸ்பீட் போஸ்ட்ல போட்டேன். வெள்ளிக்கிழமைக்கு முந்தியே சேந்துருச்சு.

மூணு வாரம் கழிச்சுப் பதில் வந்துச்சு. வழக்கம்போல மொதக் காம்பராவுக்குத்தான். அத்தை கொண்டாந்து குடுத்தாங்க. ஒட்டினது ஒட்டினபடி இருந்துச்சு. "இதையும் பிரிக்கல"ன்னாங்க. எதிர்லயே நின்னாங்க.

நான் பிரிச்சு வாசிச்சேன். நீங்கள் சமர்ப்பித்திருக்கும் கண்டி நிறுவனத்தின் பெறுபேறுகள் உங்களுடையவை அல்ல. பிறந்த திகதி, பதிவிலக்கம் இரண்டும் வேறொருவருடையவை. இதனால் உங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. இங்கிலீசுலதான் இருந்துச்சு, ஆனா எனக்கு இப்படித் தமிழ்ல மனப்பாடம்.

டயகமப் புள்ளையோட தாளு. எட்டுப் பாடமும் பாஸான தாளு.

"என்னா புள்ள?"ன்னாங்க அத்தை.

"கெடைக்கல."

 மழைத்தண்ணி பீலியில விழுற சத்தம் கேட்டுக்கிட்டிருந்துச்சு.

"நான் பிரிச்சதாலயா?"

 கடிதத்த மடிச்சேன். அவங்களா ஒரு பதில எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க.

மறுநாள் கல்லூரிக்குப் போன் எடுத்தேன். தமிழ் பேசுற ஒரு அக்காதான் எடுத்தாங்க. நடந்தத எல்லாம் சொன்னேன். பொறுமையாக் கேட்டாங்க. "தங்கச்சி, ரெண்டு பாடம் பெயிலானதெல்லாம் எங்களுக்கு ஒரு விசயமே இல்ல. பாதியில விட்ட கோர்ஸையும் அனுப்புங்கன்னு அதுக்குத்தானே எழுதியிருக்கோம். ஒங்க சொந்தத் தாள் வந்திருந்தா ஒங்களுக்கு எடம் இருந்துச்சு. ஆனா நல்ல மார்க்கு இருக்கிற இன்னொரு ஆளோட தாள் வந்தா, குழு என்னான்னு நெனைக்கும்? முடிவெடுத்துட்டாங்கம்மா"ன்னாங்க. அடுத்த வருசம் போட்டுப் பாக்கச் சொன்னாங்க. அடுத்த வருசம் கேட்டப்ப, அந்த இலவச இடமே இல்லன்னுட்டாங்க.

எனக்கு அழுகை வரல. அன்னைக்கு முன்பள்ளிக்குப் போயி, புள்ளைகளுக்குத் திரிபோஷாச் சத்துமாவக் கலக்கிக் குடுத்து, பாட்டுச் சொல்லிக் குடுத்துட்டு வந்தேன். பசிச்சுச்சு. சாப்பிட்டேன். அதுக்கப்புறமும் அப்படியேதான். கையில குளிர் ஏறினா கிள்ளினாலும் தெரியாதே, அப்படி.

அந்த வாரம் ஒரு நாள், அரிசி பொடைச்சுக்கிட்டே அம்மா கேட்டுச்சு. "அவ ஏன் எல்லாத்தையும் பிரிக்கிறான்னு ஒனக்குத் தெரியுமா?"

தெரியாதுன்னேன்.

"அவளுக்கு ஒரு பொம்பளப் புள்ள இருந்துச்சு. மூணு வயசு. காய்ச்சல் வந்து வலிப்பு இழுத்துச்சு. தோட்டத்து டிஸ்பென்சரியில ஒரு கடுதாசி எழுதிக் கவர்ல போட்டு ஒட்டிக் குடுத்து, பெரிய ஆஸ்பத்திரியில டொக்டர் கையில குடுன்னாங்க. இவ புள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டுப் போயி லைன்ல நின்னா. காலையில இருந்து மத்தியானம் வரைக்கும் நின்னா. இவ மொற வந்தப்பத்தான் டொக்டர் பிரிச்சாரு. லைன்ல நிக்க வைக்காம ஒடனே வார்டுல போடுங்கன்னு அதுல எழுதியிருந்துச்சாம். சாயந்திரம் புள்ள போயிருச்சு."

அம்மா முறத்த ஒரு தட்டுத் தட்டுச்சு.

"அவளுக்குத்தான் இங்கிலீசு தெரியுமே. பிரிச்சிருந்தா வாசிச்சிருப்பா. ஒட்டியிருக்கே, பிரிச்சாக் கோவிப்பாங்கன்னு அப்படியே வச்சிருந்தா. அஞ்சு மணிநேரம் கையிலயே வச்சிருந்தா."

கண்டியில இருந்து ஆறு மணிநேரம். மடியில வச்சுக்கிட்டு, பிரிக்காம, நனையாம.

அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சது, இனி அவங்ககிட்ட உண்மையச் சொல்ல முடியாதுன்னு. மொதக் கவரப் பிரிச்சது சரியாகியிருக்கும், ரெண்டாவது கவரப் பிரிக்காமக் கொண்டாந்ததுலதான் எல்லாம் போச்சுன்னு எந்த வாயால சொல்றது? பிரிச்சிருந்தா, தாள்ல இருக்கிற வேற பிறந்த திகதியையும் எட்டுப் பாஸையும் பாத்த ஒடனே, இது எங்க புள்ள இல்லன்னு அங்கனயே சண்டை போட்டு மாத்திட்டு வந்திருப்பாங்க. அவங்க அதைச் செய்யக்கூடிய ஆளுதான். அதுக்குள்ள இன்னொண்ணும் இருக்கு. அன்னைக்கு கதவுக்கு வெளிய நின்னு ரெண்டு தடவ விவரம் கேட்டாங்க. நம்பர் என் தலகாணிக்குக் கீழ இருந்துச்சு.

அதுக்குப் பிறகு அத்தை எந்தக் கடிதத்தையும் பிரிக்கல. மொதக் காம்பராவுல வந்து விழும். அவங்க ஒவ்வொரு வீடாக் கொண்டு போயி, "நீங்களே பிரிங்க"ன்னு குடுத்துட்டு வந்துருவாங்க. வாசிச்சுச் சொல்லுங்கன்னு கேட்டா, "கண்ணு தெரியல"ம்பாங்க. சனங்க ஹட்டன் டவுன்ல யாரையாவது புடிச்சு வாசிச்சுக்கிட்டாங்க. சில பேரு வாசிக்காமலே வச்சிருந்தாங்க. எட்டாவது காம்பரா அண்ணன் ஒரு நாள் என்னையப் பாத்து, "கடுதாசியம்மாவுக்கு என்னா புள்ள ஆச்சு? முந்தியெல்லாம் கேக்காமலே பிரிக்குமே"ன்னாரு. வயசாகுதுலன்னேன். சட்டி மூடியையும் தூக்கல, பஸ்ஸுல யாரையும் ஒண்ணும் கேக்கல. ஒரு மாரிக்காலத்துல அவங்க ஜன்னல் சாத்தியிருந்தத நான் பாத்தேன்.

நான் ஹட்டனுக்கு வந்துட்டேன். இங்க ஒரு கல்வி நிலையத்துல ஆபீசு வேலை. வேடிக்கை என்னான்னா, டிரான்ஸ்கிரிப்ட் அடிச்சுக் கவர்ல போட்டு ஒட்டி முத்திரை குத்துறது என் வேலை. பேரு பாப்பேன், நம்பர் பாப்பேன், பிறந்த திகதி பாப்பேன். ஒட்டுறதுக்கு முந்தி அந்தப் புள்ளையவே கூப்பிட்டு, "ஒன்னோடதுதானா, நல்லாப் பாத்துக்க"ன்னு காட்டிருவேன். அப்படிக் காட்டக் கூடாதுன்னு சட்டம். மேல இருக்கிறவரு ரெண்டு தடவ ஏசியிருக்காரு. ஏசட்டும்.

போன வருசம் அத்தைக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துருச்சுன்னு அம்மா போன்ல சொல்லுச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை போனேன். போற வழியெல்லாம், இன்னைக்குச் சொல்லிருவோம்னுதான் போனேன். ஒரு டின் பிஸ்கட் வாங்கினேன், கடையில மினுமினுன்னு தாளு சுத்திக் குடுத்தாங்க.

ஜன்னல் சாத்தியிருந்துச்சு. அவங்க சுவத்துல சாஞ்சு உக்காந்திருந்தாங்க. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தாலும் பேச்சு வெளங்குச்சு. சாப்பிட்டியா, சம்பளம் ஒழுங்கா வருதா, மாப்ள பாக்கிறாங்களான்னு கேட்டாங்க. நான் பிஸ்கட் டின்ன அவங்க மடியில வச்சேன்.

"புள்ள. ஒண்ணு கேப்பேன், மறைக்காமச் சொல்லணும்."

"கேளுங்க அத்தை."

"அன்னைக்கு நான் மட்டும் அந்தக் கவரப் பிரிக்காம இருந்திருந்தா, நீ அந்தக் காலேஜுல படிச்சிருப்ப, என்னா?"

அவங்க என் மொகத்தையே பாத்துக்கிட்டிருந்தாங்க. நல்லா இருந்த கை என் மணிக்கட்டப் புடிச்சிருந்துச்சு. உண்மையச் சொல்லத்தான் நான் வந்திருந்தேன். அதச் சொன்னா, இவங்க கண்டி பஸ்ஸுல இருந்து எறங்கி நேரா அந்த ஆஸ்பத்திரி லைனுக்குத்தான் போவாங்க. தோள்ல புள்ளையோட, கையில பிரிக்காத கவரோட. இன்னொரு தடவ அங்க நிப்பாங்க.

"ஆமாங்க அத்தை"ன்னேன். "பிரிச்சதாலதான்."

அவங்க மெல்லத் தலையாட்டினாங்க. "அதான். நானும் அப்படித்தான் நெனச்சேன்"ன்னாங்க. மொகம் ஒரு மாதிரி அமைதியாச்சு. கையை எடுத்துக்கிட்டாங்க. அவங்களக் காப்பாத்தத்தான் சொன்னேனா, தலகாணிக்குக் கீழ இருந்த நம்பர மறைக்கச் சொன்னேனான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. மூணு மாசத்துல அவங்க தவறிப் போயிட்டாங்க.

அந்த ஞாயித்துக்கிழமை, பிஸ்கட் டின் இன்னும் அவங்க மடியிலதான் இருந்துச்சு. முன்னாடியா இருந்தா நான் வாசல்ல கால் வைக்கும்போதே தாளு கிழிஞ்சிருக்கும். இப்ப அது மேல கைய வச்சுக்கிட்டு, உள்ள என்னா இருக்குன்னு கூடக் கேக்காம உக்காந்திருந்தாங்க.

"பிரிங்க அத்தை. ஒங்களுக்குத்தான்."

"வேணாம் புள்ள. நீயே பிரி."

நான் தாளைப் பிரிச்சு, மூடியைத் தொறந்து, ஒரு பிஸ்கட்ட எடுத்து அவங்க கையில வச்சேன்.